இரவல் தராத கையெழுத்து

செல்லே,
3 பிப்ரவரி 1950

அன்புள்ள டோரோதே,

இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "எனக்கு நினைவில்லை" என்று சொல்லவில்லை. "நினைவிருக்கிறது" என்றும் சொல்லவில்லை. அப்பாவின் வக்கீல் டாக்டர் ஹுப்பெர்ட்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான், "இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா, டாக்டர்?" என்றேன்.

"ஊத்துங்க, ஃப்ராய்லைன் லிண்ட்ஹோர்ஸ்ட். நீங்க லைப்ரரில வேலை பாக்குறவங்க, நாலும் படிச்சவங்க. நிதானமா யோசிங்க. ஈஸ்டருக்குள்ள சொன்னாப் போதும்" என்றார்.

விசாரணை ஜூனில் என்று முடிவாகிவிட்டது. பெல்ஜியக்காரர்கள் அப்பாவைப் பிடித்து வைத்து மூன்று வருஷம் ஆகப் போகிறது; இனி இழுக்க மாட்டார்கள் என்கிறார். என்னிடம் கேட்டது 1942 கிறிஸ்துமஸைப் பற்றி. பெல்ஜியத்தில் மோர்வால் ஊரில் அப்பா ராணுவ அதிகாரியாக இருந்தபோது நான் அவரோடு கழித்த கிறிஸ்துமஸ். அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மாவின் இதயம் இந்த வாரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நேற்று ரொட்டிக் கடையில், ஜெனரலின் மனைவி என்று வழக்கம்போல, "ஃப்ராவ் ஜெனரல், நீங்க முன்னாடி வாங்க" என்று வரிசையை விலக்கிவிட்டார்கள். அம்மா போனாள். நான் கடைசியிலேயே நின்றேன். அவள் திரும்பி, "என்னடி, கால்ல வேர் விட்டிருச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

குட்டி உட்டெயின் இருமல் தணிந்ததா? எழுது.

உன் தங்கை,
மார்கிட்


ஹானோவர்,
9 பிப்ரவரி 1950

மதிப்பிற்குரிய ஃப்ராய்லைன் லிண்ட்ஹோர்ஸ்ட்,

தங்கள் தாயாரின் உடல்நிலை சீராக இருக்கும் என்று நம்புகிறேன். காபிக்கு நன்றி, உண்மையான காபியைக் குடித்து நாளாயிற்று.

நேரில் சொன்னதைத் தெளிவுக்காக ஒருமுறை எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பாலத்தில் நம் வீரர்கள் இருவர் கொல்லப்பட்டதற்காக மோர்வால் ஊர்க்காரர்கள் எட்டுப் பேரைச் சுடும் ஆணை 1942 டிசம்பர் 27 காலை கையெழுத்தாயிற்று. மூலத்தாள் எரிந்துபோய்விட்டது. யார் கையெழுத்திட்டார் என்பதற்குச் சாட்சி ஒருத்தி மட்டுமே: அந்த வீட்டில் வேலை பார்த்த மதாம் கோலார். ஜெனரலை அன்று காலை சீருடையில் நின்ற நிலையில் பார்த்ததாகச் சொல்கிறாள். சுடப்பட்டவர்களில் அவள் தம்பியும் ஒருவர். ஆகவே அவள் சொல்லை உடைப்பது கடினமல்ல.

ஜெனரல் கிறிஸ்துமஸ் தொடங்கி அந்த மூன்று நாளும் கடும் காய்ச்சலில் படுக்கையை விட்டு எழவில்லை. ஆணையிட்டவர் துணை அதிகாரி கர்னல் பிராண்டெஸ். இதுவே நம் வாதம். பிராண்டெஸ் 1944இல் ரஷ்யாவில் இறந்துவிட்டார். அவருக்கு இதனால் நஷ்டமில்லை. தாங்கள் அந்த வீட்டில் இருந்தீர்கள். தங்கள் இரண்டு வரி போதும்.

தங்கள் சகோதரி உட்பட யாரிடமும் இதைப் பேச வேண்டாம்.

மரியாதையுடன்,
டாக்டர் ஹுப்பெர்ட்ஸ்


ஃப்ரைபுர்க்,
14 பிப்ரவரி 1950

என் அருமை மார்கிட்,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உட்டெ இருமுகிறாள். ஆஹிம் அவளைப் போலவே இருமிக் காட்டி அடி வாங்குகிறான். நீ இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகத்தையே மேய்கிறாயா?

உன் கடிதத்தைப் படித்தால், நீ வக்கீலோடு பேசினாயா காபிக் கெண்டியோடு பேசினாயா என்றே தெரியவில்லை. அவர் எதைக் கேட்டாலும் சொல்லிவிடு! அப்பாவைப் பற்றி நாம் மறைக்க என்ன இருக்கிறது? குற்றச்சாட்டு என்ன என்றுகூட எங்களுக்கு யாரும் விவரமாகச் சொல்வதில்லை. கோன்ராடிடம் சொன்னேன். "உன் தங்கச்சி வாயத் தொறக்கறதுக்குள்ள உங்கப்பா தண்டனையே முடிஞ்சு வந்துருவாரு" என்றார். கோபித்துக்கொள்ளாதே, அவருக்கும் கவலை இருக்கிறது. பான் நகரத்தில் அமைச்சகத்தில் ஒரு இடம் காலியாகிறது. மாமனார் குற்றவாளி என்று தீர்ப்பானால் அந்த நாற்காலி இவருக்கு இல்லை.

பாஸ்டர் ஓல்ட்டெர்ஸ் அப்பாவுக்காக நற்சான்றுகள் சேர்க்கிறாராமே? எனக்கு ஏன் நீ எழுதவில்லை? ஒரு மகளின் சான்றுதானே முதலில் இருக்க வேண்டும்?

அம்மாவுக்கு என் முத்தம். உனக்கு ஒரு குட்டு.

டோரோதே


செல்லே,
5 மார்ச் 1950

அன்புள்ள டோரோதே,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஜலதோஷம், வேறொன்றுமில்லை. அம்மா நலம்.

ஆமாம், சான்றுகள் சேர்கின்றன. ஊரில் அதற்குச் சலவைத் தாள் என்று பெயர். சோப்புப் பொடி எந்தக் கறையையும் எடுத்துவிடும் இல்லையா, அதுபோல. யார் யாரிடம் எழுதி வாங்காமல் இருந்தார்கள், போர் முடிந்த இந்த ஐந்து வருஷத்தில்! பள்ளித் தலைமையாசிரியருக்குக் கசாப்புக் கடைக்காரர், கசாப்புக் கடைக்காரருக்குத் தலைமையாசிரியர். அப்பாவுக்கு வருகிறவற்றை, லைப்ரரி மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்தான் மாலையில் தட்டச்சு செய்கிறேன்.

ஒவ்வொரு குதிரையையும் ஜெனரல் பெயர் சொல்லி அழைப்பார் என்கிறது ஒரு தாள். குரலை உயர்த்தியதே இல்லை என்கிறது இன்னொன்று. மோர்வால் தேவாலயத்து மணியை உருக்க விடாமல் காப்பாற்றினார் என்று எழுதியிருப்பவர் செல்லேயை விட்டு வெளியே போனதே இல்லை. பாஸ்டரிடம் கேட்டேன். "எழுதுனதை எல்லாம் யாரு படிக்கப் போறா, மார்கிட்? வக்கீல் எடை போட்டுப் பாப்பாரு. கட்டு கனமா இருந்தாச் சரி" என்றார். கட்டை அவரே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்பப் போகிறார்.

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கிழக்குப் பிரஷ்ய அகதி ஃப்ராவ் கால்வைட், மெஷின் சத்தம் கேட்டு மாடிக்கு வந்தாள். "இவ்வளவும் அவருக்கேவா?" என்று தாள்களைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு வெறும் சிப்பாயி. அவரைப் பொதைச்ச எடம் எதுன்னு எழுதிப் போடக்கூட ஒரு ஆளில்ல." பிறகு, "நல்லா அடிங்க, அடிங்க. சத்தம் எனக்குத் தாலாட்டாட்டம் இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு அதற்குப் பிறகு விரல் ஓடவில்லை.

வக்கீல் கேட்டதைப் பற்றி நான் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை. அம்மாவிடமும் அவர் பேசியிருக்கிறார் போலிருக்கிறது. நேற்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "உங்கப்பா அந்தக் கிறிஸ்துமஸ்ல படுக்கையிலதான இருந்தாரு?" என்றாள். "நீதான அம்மா வேற மாதிரி சொல்வே, அவரோட பொறந்த நாள் தவறாம?" என்றேன். "பொறந்த நாள் பேச்சு வேற, கோர்ட் பேச்சு வேற. உனக்கு எதுக்குடி இவ்வளவு படிப்பு?" என்றாள்.

குழந்தைகளுக்கு என் அன்பு.

மார்கிட்


சிறையிலிருந்து,
19 மார்ச் 1950

அன்பு மகள் மார்கிட்,

நான் நலம். கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. இங்கே முறையாக நடத்துகிறார்கள். என் கட்டிலை நானே விரிக்கிறேன், அறையை நானே பெருக்குகிறேன். காவலர் உதவ வந்தால் விடுவதில்லை. காலையில் ஆறு மணிக்குச் சவரம். அதில் மாற்றமில்லை.

அம்மாவின் இதயம் பற்றி உண்மையை எழுது. ஆப்பிள் மரங்களை மார்ச் முடிவதற்குள் கிளை கழித்துவிட வேண்டும். கூலிக்காரனிடம் விட்டால் அடிமரத்தையே வெட்டிவிடுவான், பக்கத்தில் நின்று பார்.

ஒரு பனிக்காலத்தைப் பற்றி உன்னிடம் கேட்டிருப்பதாக டாக்டர் ஹுப்பெர்ட்ஸ் சொன்னார். சிறு வயதிலிருந்தே உன் நினைவாற்றல் அபாரம். கவிதைகளை ஒரு முறை கேட்டால் ஒப்பிப்பாய். எல்லாச் சமயமும் அது வரமல்ல. உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. என் நிலையில் இருப்பவன் தன் பிள்ளைகளிடம் எதுவும் கேட்பதில்லை.

அம்மாவையும் டோரோதேயையும் நினைத்துக்கொள்கிறேன்.

உன் தந்தை,
எவால்ட் லிண்ட்ஹோர்ஸ்ட்


ஃப்ரைபுர்க்,
28 மார்ச் 1950

என் அருமை மார்கிட்,

எல்லோரும் சுகம். உட்டெ நேற்று முதல்முறையாக இரவு முழுக்கத் தூங்கினாள், நானும் தூங்கினேன். உலகமே வேறு மாதிரி தெரிகிறது.

இதோ என் தாள்! மூன்று முறை கிழித்து எழுதினேன். வக்கீல் 1942 கிறிஸ்துமஸைப் பற்றிக் கேட்டதாக நீ எழுதியிருந்தாய் அல்லவா? அதனால்தான் அதையே எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் குதிரை, மணி என்று எழுதட்டும். அப்பா யார் என்று காட்ட அந்த ஒரு சம்பவம் போதாதா?

இதோ முக்கியமான பகுதி, படித்துப் பார்:

"1942 கிறிஸ்துமஸ் சமயத்தில் மோர்வாலில் என் தந்தை கடும் காய்ச்சலில் இருந்தார். ஒரு வாரம் எழவே கூடாது என்றார் மருத்துவர். ஆனால் இரண்டாம் கிறிஸ்துமஸ் நாளுக்கு மறுநாள் காலை, டிசம்பர் 27 அன்று, அவர் எழுந்து சவரம் செய்து, சீருடை அணிந்து, தன் மேசைக்குப் போனார். துணை அதிகாரி பார்த்துக்கொள்ளட்டுமே என்றவர்களிடம், 'கையெழுத்தை இரவல் கொடுக்க முடியாது' என்றார். தன் பொறுப்பை ஒருநாளும் இன்னொருவர் தோளில் ஏற்றாத மனிதர் அவர். இதைவிடப் பெரிய நேர்மையை நான் வாழ்வில் கண்டதில்லை."

அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஆனாலும் நீதான் அங்கே இருந்தவள். தேதியோ வேறெதுவோ தவறென்றால் திருத்திவிடு. நீ ஒரு வார்த்தை சொன்னால் மாற்றி எழுதுகிறேன். கோன்ராட் படித்துவிட்டு, "இதைக் கேட்டா பெல்ஜியக்காரன் எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிப்பான்" என்றார். அவர் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது இதுதான் முதல்.

ஈஸ்டர் வாழ்த்துகள். ஒரு முட்டையாவது சாயம் பூசு.

டோரோதே


செல்லே,
12 ஏப்ரல் 1950

அன்புள்ள டோரோதே,

அம்மா நலம். ஆப்பிள் மரங்களைக் கழித்தாயிற்று, நான் பக்கத்தில் நின்றேன்.

உன் தாளைத் தட்டச்சு செய்துவிட்டேன். இரண்டு இடத்தில் காற்புள்ளி சேர்த்தேன். மற்றதெல்லாம் நீ எழுதியபடியே. தேதியும் சரி.

பாஸ்டர் வெள்ளிக்கிழமை சான்றுக் கட்டை அனுப்புகிறார். உன்னுடையதை மேலே வைத்திருக்கிறார்.

மார்கிட்


செல்லே,
13 ஏப்ரல் 1950

மதிப்பிற்குரிய டாக்டர் ஹுப்பெர்ட்ஸ்,

தாங்கள் நலம் என்று நம்புகிறேன். தாங்கள் கேட்ட நாட்களைப் பற்றி எழுதிக் கொடுக்கும் அளவுக்கு என் நினைவு உறுதியாக இல்லை. மன்னிக்க வேண்டும்.

மரியாதையுடன்,
மார்கிட் லிண்ட்ஹோர்ஸ்ட்


ஃப்ரைபுர்க்,
25 ஜூன் 1950

மார்கிட்,

குழந்தைகள் சுகம். நான் விசாரணைக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். தந்தி கிடைத்திருக்கும்: பன்னிரண்டு வருஷம். அம்மாவை நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மதாம் கோலார் மூன்றாம் நாள் வந்தாள். நான் எதிர்பார்த்தது போல் இல்லை. சின்ன உருவம், தைத்துத் தைத்துப் போட்ட சாம்பல் நிறக் கையுறை. ஹுப்பெர்ட்ஸ் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு, மதாம். பனிக்காலக் காலைப்பொழுது, இருட்டு ஹால். காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமக் கெடந்த மனுஷனை நீங்க எப்படிப் பாத்தீங்க? கனவுலயா?"

அவள் கோபப்படவில்லை. "அவரு எனக்கு வணக்கம் சொன்னாருங்க ஐயா. என் தம்பிக்காகக் கேட்டேன். 'ரொம்ப வருத்தமா இருக்கு, மதாம்'னாரு. நான் போறப்ப அவரே கதவைத் தொறந்து விட்டாரு. மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

"தம்பியை இழந்தவங்களுக்கு எல்லாம் பாத்த மாதிரிதான் தோணும்" என்றார் ஹுப்பெர்ட்ஸ். அவள் தலை குனிந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளை யாரும் நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு அரசுத் தரப்பு வக்கீல் நம் சான்றுக் கட்டைப் பிரித்தார். "இது ஜெனரலின் மூத்த மகள் எழுதியது" என்று படிக்க ஆரம்பித்தார். மார்கிட், முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. என் வார்த்தைகளைப் பிரெஞ்சில் கேட்கிறேனே என்று. முதுகை நிமிர்த்திக்கொண்டேன். தேதியைப் படித்ததும் ஹுப்பெர்ட்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. "கையெழுத்தை இரவல் கொடுக்க முடியாது" என்பதை அரசு வக்கீல் இரண்டு முறை படித்தார்.

இது உண்மையா என்று நீதிபதி அப்பாவைக் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். சின்ன வயதில் கணக்குச் சரியாகப் போட்டால் தலையை ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார். "என் மகள் பொய் எழுத மாட்டாள்" என்றார்.

ரயிலில் ஹுப்பெர்ட்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். பிப்ரவரியிலேயே உன்னிடம் கேட்டிருக்கிறார். உனக்குத் தெரிந்திருக்கிறது. திருத்து என்று உன்னிடம்தானே கேட்டேன்? காற்புள்ளி போட்டாயே! "தேதியும் சரி" என்று எழுதினாயே!

கோன்ராட் என்னோடு பேசுவதில்லை. ஏன் மார்கிட்? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

டோரோதே


செல்லே,
9 செப்டம்பர் 1950

அன்புள்ள டோரோதே,

அம்மா படுக்கையை விட்டு எழுந்துவிட்டாள். தோட்டம் வரை நடக்கிறாள். நீங்கள் எல்லோரும் எப்படி என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

கோடை முழுவதும் உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாக வந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை நான் அந்த அறையில் இருந்தேன். அப்பாவின் தலைமுடி ஈரமாக இருந்தது. சவரச் சோப்பின் வாசனை. காய்ச்சலில் கை நடுங்கியதால் மேல் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். பிராண்டெஸ் தாளை நீட்டி, "நான் போட்டுடறேன், ஜெனரல், நீங்க போய்ப் படுங்க" என்றார். அப்பா, "உன்னை விட்டா கோழி கெளறுன மாதிரி போடுவே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்போது அது எந்தத் தாள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்திட்டுவிட்டு ஹாலுக்குப் போனார், மதாம் கோலாரிடம் பேசினார், கதவைத் திறந்துவிட்டார். திரும்பி வந்து முட்டை ஆறிவிட்டது என்றார். நம் வீட்டில் வருஷா வருஷம் பிறந்த நாள் கேக்கோடு பரிமாறப்பட்ட கதை இதுதான். எட்டுப் பேரை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வோம்.

ஹுப்பெர்ட்ஸ் கேட்ட இரண்டு வரியை நான் எழுதியிருந்தால் அந்தப் பெண் பொய்க்காரியாகியிருப்பாள். எழுத மாட்டேன் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஹுப்பெர்ட்ஸிடம், அம்மாவிடம், அப்பாவிடம், யாரிடமும். பிறகு உன் தாள் வந்தது. நான் சொல்ல வேண்டியது முழுவதும் அதில் இருந்தது, உன் கையெழுத்தோடு. அன்று மாலையே மெஷினில் ஏற்றினேன். அந்த மாதங்களில் நான் நிம்மதியாகத் தூங்கிய இரவு அதுதான்.

நீதிக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். நீதிக்காகச் செய்கிறவள் ரயிலேறிப் போய் அந்தக் கையுறைக்காரப் பெண்ணின் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பாள். தன் பொறுப்பை இன்னொருவர் தோளில் ஏற்றாதவர் என்று அப்பாவைப் பற்றி எழுதினாய். நான் ஏற்றினேன், டோரோதே. உன் தோளில்.

அப்பாவை நினைத்து வெட்கப்படும்போதெல்லாம் அதில் ஒரு சுகம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. இந்த வெட்கத்தில் அது இல்லை.

நீ எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். குழந்தைகளை என் சார்பாக அணைத்துக்கொள்.

மார்கிட்


செல்லே,
17 டிசம்பர் 1951

அன்புள்ள டோரோதே,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருக்கிறீர்கள் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். கோன்ராடுக்கு பான் வேலை கிடைத்ததையும் சொன்னாள்.

மன்னிப்பு வழங்கி அப்பாவை விடுவித்துவிட்டார்கள். பத்து நாள் முன்பு வந்தார். ரயில் நிலையத்தில் பாடகர் குழு பாடியது. மேயர் அம்மாவை முன்னால் அழைத்தார். அப்பா என் கையைக் குலுக்கி, "மெலிஞ்சு போயிட்டே" என்றார். சாப்பாட்டு மேசையில் இதுவரை எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வருவதாக அம்மா சொன்னாள். எனக்கு ஹானோவரில் வேலை கிடைத்திருக்கிறது. இருபதாம் தேதி அங்கே போகிறேன். என் அறையில் குழந்தைகள் படுத்துக்கொள்ளலாம்.

நேற்று ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கம் அப்பாவைக் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். ஒருவரும் எழவில்லை. நானும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்கிட்